பட்டா மரம்

ஏம் தாயி, அந்தப் பைய மடியில தூக்கி வச்சுக்கிட்டீன்னா நானும் கொஞ்சம் ஒட்டி உக்காந்துக்கிருவேன். ஆங், போதும். முழுச் சீட்டு கேக்கல. இந்த டப்பா சாயாம இருந்தாச் சரி. ஊமைப்பாறை வளைவு வரைக்கும்தான். மேல ஏற ஏறக் காது அடைக்கும்ல, ஒரு கொட்டாவி விட்டா பட்டுன்னு தொறக்கும் பாரு, அந்த எடம். அங்க எறங்கிருவேன்.

என்ன, டப்பாவையே பாக்குற? ஊறுகா. எலுமிச்சங்கா ஊறுகா.

கண்டக்டரும் இப்படித்தான் கேட்டான். அவன் மூக்காலதான் பேசுவான். "என்னங்க்கா, தெனமும் ஊறுங்கா மேல போங்குது, கீழ வருங்குது, தீரவே மாட்டேங்குதே?" உன் மூஞ்சியப் பாத்துட்டுப் போனா எவனுக்குடா சோறு எறங்கும், அதான் தீரலன்னேன். அதுல இருந்து கேக்குறதில்ல.

நீ எந்த ஊரு? சொல்ல வேணாம், விடு. கழுத்துல லென்ஸு கின்ஸு தொங்குதான்னு பாத்தேன். தொங்கல. பைக்குள்ள இருக்கோ என்னமோ, ஆரு கண்டா. இருந்தாலும் இருக்கட்டும். மலை ஏறுற வரைக்கும் வாய மூடிக்கிட்டு வர எனக்கு ஆகாது.

ஊறுகா இல்ல. பொறு, சொல்றேன்.

அந்த வளைவுல எனக்குக் கடை இருந்துச்சு. வெள்ளத்தாயி கடைன்னா லாரிக்காரன், வாழத்தாரு ஏத்துறவன் எல்லாருக்கும் தெரியும். வண்டிக மூச்சு வாங்கி நிக்கிற எடம் அது. ரேடியேட்டருக்குத் தண்ணி, டிரைவருக்கு டீ, வாந்தி எடுக்குற பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழம். எல்லாம் நாந்தான். பொறம்போக்குதான், இல்லங்கல. மாமனாரு காலத்துல ஓலை, எங்க காலத்துல தகரம். பட்டா குடுங்க பட்டா குடுங்கன்னு எங்க வீட்டு மனுசன் செருப்புத் தேய அலைஞ்சாரு. செருப்புத்தான் தேஞ்சது.

கடைக்குப் பக்கத்துலயே ஒரு தான்றி மரம். நாலு பேரு கைகோத்தாலும் கட்ட முடியாது. பாதி உசுரு, பாதி செத்தது. ரோட்டுப் பக்கம் தழை இருக்கும், என் கடைப் பக்கம் மொட்டை. அதுலயும் ஓரவஞ்சனை பாரு. அடியில பொந்து, ஆடு உள்ள போயி குட்டி போடலாம். மேலெல்லாம் காளான். கொழம்பு வைக்கிற காளான் இல்ல. தோசை தோசையா மரத்துல ஒட்டிக்கிட்டு, தட்டுனா செருப்பு மாதிரி கெட்டியா இருக்கும்ல, அது.

ஐப்பசி மழையில ஒரு கொப்பு ஒடிஞ்சு என் தகரத்து மேல விழுந்துச்சு. போண்டாச் சட்டிக்கு நேரா. நான் ஒரு முழம் தள்ளி நின்னேன், அதான் இன்னைக்கு உங்கிட்டப் பேசிக்கிட்டு வாரேன். இல்லன்னா நீ நிம்மதியாத் தூங்கிக்கிட்டு வந்திருப்ப.

அன்னைல இருந்து மரத்த வெட்டுங்கடான்னு ரோடு மேஸ்திரி பரமன்கிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தேன். பரமன் வாய் நெறைய வெத்தல. எச்சி வழிஞ்சுரக் கூடாதுன்னு அண்ணாந்துக்கிட்டேதான் பேசுவான். "ப்பாக்கலாம்க்கா. ம்மேல கேக்கணும்க்கா." ஆகாசத்துல ஒரு அக்கா இருக்குற மாதிரி இருக்கும். ஆனா நல்ல பய. நான் லேசுல ஆரையும் நம்ப மாட்டேன் தாயி. பால்காரன நம்ப மாட்டேன், எங்க வீட்டு மனுசன சுத்தமா நம்ப மாட்டேன். பரமன நம்பலாம். டீ குடிச்சான்னா கிளாஸ அவனே கழுவிக் கவுத்துட்டுப் போவான். அப்படியாப்பட்டவன் பொய் சொல்லுவானா?

தை பொறந்து ஒரு ஜீப்பு வந்து நின்னுச்சு. எறங்குனது ஒரு மலையாளத்துப் பிள்ள, ஜின்ஸின்னு பேரு. பூச்சி ஆராய்ச்சியாம். கூட ஒரு நெட்டப் பய. அவன் பேரு என்னமோ, நான் வச்ச பேரு ஒட்டடைக்கம்பு. வாயே தொறக்க மாட்டான். வாய் தொறக்காதவன எதை வச்சு நம்புறது, சொல்லு. அந்தப் பிள்ள வந்ததும் டீ கேட்டுச்சு. "சேச்சி, சக்கர வேண்டா." இந்த வயசுல சீக்கும் இல்ல, பின்ன எதுக்குச் சக்கர வேணாங்குது? அப்பவே எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு.

டீயக் கையில வச்சுக்கிட்டு ரெண்டும் மரத்தச் சுத்துதுக. பொண்ணு பாக்க வந்தவய்ங்க மாதிரி மேலயும் கீழயும் பாக்குறாய்ங்க. காளான்கிட்ட மூஞ்சிய ஒட்டி வச்சு, லென்ஸு வச்சு. எனக்குப் புரிஞ்சு போச்சு. இந்த மலைக்குக் காளானத் தேடி ஒருத்தன் ஜீப்புல வந்தா அதுக்கு ஒரே அர்த்தந்தான். போதைக் காளான். தின்னுபுட்டு மாட்டுக்கிட்ட இங்கிலீசு பேசிக்கிட்டுத் திரிவாய்ங்க. நான் நேராவே போயிச் சொன்னேன், "ஏம்மா, இது அந்தக் காளான் இல்ல. இத மென்னா பல்லுதான் போகும்."

அது சிரிக்குது. "ஐயோ சேச்சி, எனக்குக் காளான் வேண்டா. அதுல குடியிருக்கிற வண்டு மதி." மதின்னா போதும்னு அர்த்தமாம். போதுமாம். ஏதோ நான் விருந்து போட்ட மாதிரி.

காளானுக்கு அடியில வெரல விட்டு ஒண்ண எடுத்து உள்ளங்கையில வச்சுக் காட்டுச்சு. காப்பிக்கொட்டை பெருசு. கறுப்பு. முதுகு பாகக்காத் தோலு மாதிரி. நெத்தியில ரெண்டு கொம்பு, வெள்ளாட்டுக் குட்டிக்கு அப்பத்தான் மொளைக்கிற மாதிரி. என் கை பட்டதும் ஆறு காலையும் உள்ள இழுத்துக்கிட்டுச் சாஞ்சுருச்சு. அடப்பாவமே, செத்துப்போச்சேன்னேன். "இல்ல சேச்சி, நடிப்பாக்கும். பயந்தா இது மாதிரி கிடக்கும். கொஞ்சம் பொறுங்க." அதே மாதிரி, டீ ஆறுறதுக்குள்ள எந்திரிச்சு நடந்துச்சு.

எனக்கு வேர்த்துப் போச்சு. நான் ஊரையே நடிச்சுக் காட்டுறவ. எங்க மாமியா செத்த அன்னைக்கு அவ அழுகிற மாதிரி நானே அழுது காட்டி, எழவு வீடே சிரிச்சுச்சு. எனக்கே பொணம் மாதிரி நடிக்க வராது, சிரிச்சுருவேன். இம்புட்டுக் கள்ளத்தனம் உள்ள ஒரு சீவன், அதத் தேடி மலையாளத்துல இருந்து ஒரு ஜீப்பு. இதுல எத நம்புறது?

அந்தப் பிள்ள கதை கதையாச் சொல்லுச்சு. இந்த வண்டு கெழட்டு மரத்துலதான் இருக்குமாம். அதுலயும் பாதி செத்துருக்கணுமாம், அதுல இந்தக் காளான் இருக்கணுமாம். ரெக்க இருந்தும் பறக்காதாம். அப்பன் பாட்டன் இருந்த மரத்துலயேதான் கெடக்குமாம். மரம் போச்சுன்னா இதுவும் போச்சாம். இந்த மலையில வேற எங்கயும் பாக்கலயாம். "பாவம் சேச்சி, வேற எடம் தெரியாது அதுக்கு." சோம்பேறி வண்டுன்னு நெனச்சுக்கிட்டேன். வேற எடம் தெரியாதாம்ல.

கம்பியப் பிடிச்சுக்க தாயி, இந்த டிரைவரு வளைவுல வண்டிய வெடுக்குன்னு ஒடிப்பான். ஆங்.

அப்பறம் வாரம் தவறாம வந்தாய்ங்க. அந்தி சாயுற நேரந்தான் வண்டு வெளிய வருமாம், நான் கடை அடைக்கிற நேரமாப் பாத்து வருவாய்ங்க. காளான் ஒண்ணு பறிக்கணுமே, ஊகூம். பறிச்சிருந்தா சின்னத் திருட்டுன்னு விட்டிருப்பேன். பறிக்காம பாத்துக்கிட்டே இருந்தா எங்கயோ பெருசா அடி போடுறாய்ங்கன்னுதானே அர்த்தம். மண்ணுளிப் பாம்புக்குக் கோடி தாரேன்னு நம்ம பக்கம் எத்தன பேரு காட்டச் சல்லடை போட்டுச் சலிச்சாய்ங்க? இது கொம்பு வச்ச வண்டு. விட்டுருவாய்ங்களா?

ஒருநாள் பாத்தா அந்தப் பிள்ள நகத்துக்குப் போடுற பாலிசு பாட்டில வச்சுக்கிட்டு, வண்டு முதுகுல வெள்ளைப் பொட்டு வைக்குது. ஒட்டடைக்கம்பு பிடிச்சுக்கிறான், அது வைக்குது. "என்னம்மா, வளைகாப்பா"ன்னேன். "அடையாளம் சேச்சி. எத்தர இருக்குன்னு தெரியணும்." அடையாளமாம். ரோட்டோரத்துல இருக்குறவளுக்குத் தெரியாதா, ஒண்ணு மேல பெயிண்டு விழுந்தா அடுத்து என்ன விழும்னு? கல்லுல அடிப்பாய்ங்க, செவுத்துல அடிப்பாய்ங்க, அப்பறம் எந்திரின்னுவாய்ங்க. இவய்ங்க வண்டுல இருந்து ஆரம்பிக்கிறாய்ங்க, அம்புட்டுத்தான்.

அன்னைக்குத்தான் அந்த வார்த்தையக் கேட்டேன்.

நான் அடுப்ப அணைச்சுக்கிட்டு இருக்கேன். அந்தப் பிள்ள போன்ல ஆருகிட்டயோ தமிழ்ல பேசுது. பொஸ்தகத்த வச்சுத் தமிழ் படிச்சிருக்கும் போல, ஒவ்வொரு வார்த்தையவும் இழுத்து இழுத்து. "சார், அந்தப் பட்டா மரம் நமக்கு வேணும் சார். பட்டாதான் முக்கியம் சார். பச்சை மரம் வேண்டா. ஆமா சார், அந்த எடம் முழுக்க."

என் கையில இருந்த பால் சட்டி கீழ விழுந்துச்சு.

பட்டா. எங்க மாமனாரு கேட்டுக் குடுக்காத பட்டா. எங்க வீட்டு மனுசன் செருப்ப முழுங்குன பட்டா. இந்தச் சக்கர போடாத பிள்ள ஒரு போன்ல கேக்குது. எடம் முழுக்கவாம்.

நேரா முன்னாடி போயி நின்னேன். "ஆருக்கும்மா பட்டா?"

மூஞ்சி எப்படி ஆச்சுங்குற. இங்க பாரு, இப்படி. கண்ணு ரெண்டும் வட்டமா. "ஐயோ சேச்சி, பட்டா இல்ல. பட்ட. பட்டுப்போன மரம். செத்த மரம். நாங்க புஸ்தகத்துல பட்ட மரம்னுதான் படிச்சோம்."

சமாளிக்கிறதப் பாத்தியா? நான் மூணாங்கிளாசுதான். ஆனா துணைக்கால் எனக்குத் தெரியும். ஒரு துணைக்கால முழுங்கிட்டா நெலம் மரமாயிருமா? செத்த மரத்த நாங்க செத்த மரம்னு சொல்லுவோம், காஞ்ச மரம்னு சொல்லுவோம். எந்த ஊர்ல டீக்கடையில உக்காந்து பட்ட மரம்னு பேசுவாய்ங்க? பாட்டுலதான் வரும் அது.

அந்தப் பிள்ள விடல. என் கையப் பிடிச்சுக்கிட்டு, "சேச்சி, இந்த வளைவையே ஆரும் தொடக் கூடாதுன்னு ஆபீசர்மாருகிட்டக் கேட்டிருக்கோம். ரோடு அகலம் பண்ணவும் கூடாது. கொப்புக்கு நாங்களே முட்டுக் குடுக்குறோம், இனி விழாது. உங்க கடை இங்ஙனயே இருக்கட்டும். நீங்கதான் மரத்தப் பாத்துக்கணும்"னுச்சு.

என் கடை இருக்கட்டும்னு சொல்ல இவ ஆரு? அது எங்க கடை. மாமனாரு காலத்துக் கடை. அதுவே சொல்லுது பாரு, வளைவையே ஆரும் தொடக் கூடாதாம். இவ மட்டும் தொடுவாளாம். எங்க வீட்டு மனுசன்கிட்டச் சொன்னேன். "அந்தப் பிள்ள நல்லதத்தான் சொல்லுது போல இருக்கே வெள்ளத்தாயி"ன்னாரு. அவருக்கு ஒருத்தரு கையப் பிடிச்சுப் பேசிட்டாப் போதும், கையையே கழட்டிக் குடுத்துட்டு வந்துருவாரு.

நான் பரமன்கிட்டப் போனேன். எல்லாத்தையும் சொன்னேன். ஆகாசத்தப் பாத்துக்கிட்டே கேட்டான். அப்பறம் செஞ்சான் பாரு ஒரு காரியம், வெத்தலையத் துப்பிட்டுக் குனிஞ்சு என் மூஞ்சியப் பாத்துப் பேசுனான். அவன் மூஞ்சிய நேராப் பாத்ததே அன்னைக்குத்தான். "வளைவ ஆரும் தொடக் கூடாதுன்னா கேட்டிருக்காய்ங்க? நெசமாவாக்கா? அப்ப அந்தப் பேப்பரு வரதுக்குள்ள நாம முந்திக்கிரணும். மரம் ஆபத்து, உசுருக்குப் பயமா இருக்குன்னு கடைக்காரி நீங்க வந்து சொன்னாத்தான் பெரியவங்க கேப்பாங்க. நான் சொன்னா எடுபடாது."

அம்புட்டு அக்கறை. நாலு மாசமாப் பாக்கலாம் பாக்கலாம்னவன், என் கடைக்கு ஆபத்துன்னதும் எப்படித் துடிச்சான் தெரியுமா? கூட்டிட்டுப் போனான், சொன்னேன். கொப்பு எப்படி விழுந்துச்சுன்னு நடிச்சும் காட்டுனேன். அந்த ஆபீசரு நாக்காலியப் பின்னாடி தள்ளிக்கிட்டாரு.

ரெண்டாம் நாளே ரம்பம் வந்துருச்சு.

காலையில ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும் அறுத்தாய்ங்க. எல்லாருக்கும் டீ, போண்டா என் கணக்கு. விழுந்தப்ப வளைவே அதிர்ந்துச்சு. உள்ள பாத்தா மரமே இல்ல தாயி. வெறும் கறுப்பு மண்ணு. காப்பித்தூள் மாதிரி மெத்து மெத்துன்னு, ஒரே காளான் வாசம். அதுக்குள்ள வெள்ளைப் புழுக்க நெளியுதுக. ஒட்டடைக்கம்பும் அந்தப் பிள்ளையும் சேதி கேட்டு ஓடி வந்தாய்ங்க. அந்தப் பிள்ள அப்படியே தரையில உக்காந்து காளான் காளானாப் பிச்சு ஈரச் சாக்குல சேத்துச்சு. அழுதுகிட்டே பொறுக்குது. வாயே தொறக்காத ஒட்டடைக்கம்பு அன்னைக்கு வாயத் தொறந்தான். "உங்களுக்கு என்னக்கா பாவம் பண்ணோம்"னான். தமிழ்ப் பயதான், நம்ம போடிப் பக்கம். இம்புட்டு நாளா மறைச்சிருக்கான் பாரு.

அவய்ங்க வர்றதுக்கு முன்னாடியே நான் ஒரு துண்டு காளான எடுத்து முறுக்கு டப்பாவுல போட்டுட்டேன். அதுல ஒருத்தரு உக்காந்திருந்தாரு. கொம்போட. வெள்ளைப் பொட்டோட. எதுக்கா? சாட்சிக்கு. நாளைக்கு இவய்ங்க கேசு கீசுன்னு வந்தா நான் எதக் காட்டுறது? வெலை என்னன்னு வெசாரிக்கவும் வேண்டியிருக்குல்ல.

ஆங், காது அடைக்குதா? அடைக்கும். இன்னும் ரெண்டு வளைவுதான்.

வைகாசியில ஜேசிபி வந்துச்சு. வளைவ அகலப்படுத்துறாய்ங்களாம். முன்னாடியே எடுக்க வேண்டிய எடந்தானாம், பெரிய மரம் நடுவுல நின்னதால தள்ளிக்கிட்டே போச்சாம். இப்பத்தான் மரம் இல்லயே. கடை பொறம்போக்கு, பட்டா காட்டுன்னாய்ங்க. எதக் காட்டுறது? அரை மணி நேரத்துல தகரம் ஒரு பக்கம், பெஞ்சு ஒரு பக்கம். எனக்கு அப்பவே தெரியும், இது அந்த மலையாளத்துப் பிள்ள வேலைன்னு. போன்ல எடம் முழுக்கன்னு சொன்னாள்ல, என் காதால கேட்டேன். மரம் கிடைக்கலன்னதும் கடையில கைய வச்சுட்டா. பரமந்தான் கூட நின்னான். பெஞ்ச அவனே தூக்கிக் குடுத்தான். "ம்மேலிடத்து உத்தரவுக்கா"ன்னு அண்ணாந்துக்கிட்டான். கண்ணுல தண்ணி வந்துருக்கும், எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அண்ணாந்திருப்பான்.

இப்ப அந்த வளைவுல வண்டி நிறுத்த எடம் விட்டு, கண்ணாடி வச்ச கடை வந்துருச்சு. பரமன் மச்சினன் போட்டுருக்கான். முழிக்காத தாயி. எவனோ ஒருத்தன் போடத்தானே செய்வான்? மச்சினன் போட்டா என்ன? பட்டா எப்படிக் கெடைச்சுதுன்னு கேட்டேன், அவய்ங்களுக்குக் கெடைச்சுருச்சாம், நல்ல நேரம். என்னைய மறந்தானா பரமன்? கூப்பிட்டு வேலை குடுத்தான். டீ போட வேற பையன் இருக்கான். நான் கிளாசு கழுவுறேன். இப்ப பரமன் டீ குடிச்சா கிளாச அப்படியே வச்சுட்டுப் போறான். "நீ கழுவுற சுத்தம் எனக்கு வராதுக்கா"ன்னு சொல்றான். எம்புட்டு மரியாதை.

மலை எறங்கி வத்தலக்குண்டுல வாடகைக்குக் குடி வந்தாச்சு. டப்பாவ வீட்டுல வைக்கிறதில்ல, எங்க வீட்டு மனுசன் எவன்கிட்டயாச்சும் சும்மா தூக்கிக் குடுத்துருவாரு. அதான் கூடவே வருது, போகுது.

அந்தப் பிள்ள போன் போட்டுச்சு, கடை போன மறுவாரம். துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆரம்பிச்சுச்சு. "சேச்சி, கடை போயின்னு கேட்டேன். சங்கடமாயி." நல்லா நடிக்கும், வண்டுகிட்டப் படிச்சதுல்ல. அப்பறம் மெதுவா விசயத்துக்கு வந்துச்சு. அவய்ங்க சாக்குல பொறுக்கிட்டுப் போனதெல்லாம் கொம்பு இல்லாததாம், பொட்டையாம். பழைய கட்டையெல்லாம் கொண்டாந்து வச்சு வளக்குறாய்ங்களாம். "கொம்பு வச்சது ஒரே ஒண்ணு கிடைச்சா மதி சேச்சி. ஒரு துண்டு காளான் எங்கயாச்சும் கிடக்கான்னு பாருங்களேன். இருந்தா ஈரத் துணியில சுத்தி வைங்க. மூடி வைக்காதீங்க, காத்து வேணும். நான் ஓடி வாரேன்."

மாப்பிள்ள தேடுறா. மாப்பிள்ள என் டப்பாவுல கால் மேல கால் போட்டு உக்காந்திருக்காரு. சொல்லுவனா நான்? ஒண்ணுங் கெடக்கல தாயின்னேன்.  அப்பறம், "சரி சேச்சி. உடம்பப் பாத்துக்கோங்க"ன்னு வச்சுருச்சு. அதுக்கப்பறம் போனே இல்ல. பாத்தியா, காரியம் இல்லன்னதும் விட்டுட்டா.

காத்து வேணுமாம், ஈரம் வேணுமாம். தொறந்து வச்சா ஓடிப்போக மாட்டாரா? மூடிய நல்லா இறுக்கித்தான் வச்சிருக்கேன்.

விட்டியா கொட்டாவி? தொறந்துச்சா காது? அந்தா தெரியுது பாரு, கண்ணாடிக் கடை. அந்தக் கார் நிக்குற எடத்துலதான் மரம் நின்னுச்சு. போண்டாச் சட்டி இங்கிட்டு. சரி, எறங்கப் போறேன், உனக்கு மட்டும் காட்டுறேன். கண்டக்டரு பக்கம் முதுகக் காட்டிக்க. நீயும் லென்ஸக் கின்ஸ எடுத்துராத.

தெரியுதா? காளான் அப்பளமாக் காஞ்சு போச்சு. அதுக்கு ஓரத்துல, அந்தா, வெள்ளைப் பொட்டு. ஒருக்களிச்சுக் கெடக்கா? ஆறு காலையும் உள்ள இழுத்துக்கிட்டு?

என்னது, செத்துப் போச்சா? ஏமாந்துட்ட பாத்தியா. நானும் மொத நாளு அப்படித்தான் ஏமாந்தேன். நடிப்பு தாயி. அந்தப் பிள்ளையே சொல்லுச்சுல்ல, பயந்தா இப்படித்தான் கெடக்கும்னு. வைகாசியில இருந்து இப்படியே கெடக்கு, ஒரு காலு அசைக்கல. புரட்டாசி வந்துருச்சு. அழுத்தக்காரன். ஆனா எங்கிட்டயா? எம்புட்டு நாளைக்குத்தான் நடிப்பான், நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்.

ஏப்பா கண்டக்டரு, எறங்கணும், விசில ஊது.

ஏ ஏ, டப்பாவத் தட்டாத தாயி. தட்டுனா மறுபடியும் மொதல்ல இருந்து நடிக்கும்.